புள்ளியைத் தள்ளும் பொறி: பாலக்காடு, இடுக்கி எல்லை ஊர்ப்பெயர்களும் ஒரு தரவுத்தள நீட்சியின் மூலநிரலும்

'பல்' என்ற சொல்லும் 'பல' என்ற சொல்லும் எந்த அளவுக்கு ஒத்தவை? லினக்ஸ் கணினியில் வழக்கமான ஒருங்குறி அமைப்போடு இயங்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்திடம், அதன் பிஜி_டிஆர்ஜிஎம் எனும் நீட்சியின் வழியாக இக்கேள்வியைக் கேட்டால் 1 என்று விடை வரும். 1 என்றால் முழு ஒப்புமை. 'என்' என்பதும் 'என' என்பதும் அவ்வாறே. உடைமையைக் குறிக்கும் சொல்லும் மேற்கோளை முடிக்கும் இடைச்சொல்லும் அந்நீட்சிக்கு ஒன்றே. தமிழ்த் தரவுகளைக் கொண்டு ஆய்வேடு எழுதும் மாணவர் பலர் இன்று இத்தகைய கருவிகளின் மேல் அமர்ந்துகொண்டே எண்ணிக்கைகளைத் தருகின்றனர். கருவி எதை எழுத்தெனக் கொள்கிறது என்ற வினாவை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. அவ்வினாவின் வரலாற்றைப் பார்ப்பதற்குக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையோரம் பொருத்தமான இடம். அங்கே ஒரே ஊர் இரண்டு எழுத்து முறைகளில் எழுதப்படுகிறது. இரண்டிலும் புள்ளி வேறு வேறு இடத்தில் விழுகிறது.

நிலப்பின்னணி சுருக்கமாக. 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவாகும் முன் இவ்வெல்லையோரம் மூன்று ஆட்சிகளின் கீழ்ப் பிரிந்து கிடந்தது. பாலக்காடு வட்டம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தது. கொழிஞ்சாம்பாறையை உள்ளடக்கிய சித்தூர் வட்டம் கொச்சி அரசுடையது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் அரசுடையவை. தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டுமென்ற திருவிதாங்கூர்த் தமிழர்களின் கோரிக்கையை 1955-இல் அறிக்கை தந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் ஏற்கவில்லை. இடுக்கி தனி மாவட்டமானது 1972 ஜனவரி 26 அன்றுதான். ஆகவே இப்பகுதியின் ஊர்ப்பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும், ஒவ்வோர் அலுவலகத்தின் கைப்பழக்கத்துக்கேற்பப் பதிவாகியுள்ளன. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளித்தது. அதனால் இருமொழிப் பதிவுகள் தொடர்ந்து பெருகின.

இப்பதிவுகளைக் கணினியில் ஏற்றித் தேட முனைபவர் முதலில் மோதுவது எழுத்துப் பிரச்சினையில் அன்று, வேற்றுமை உருபில். எல்லையோர ஊர்ப்பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் தமிழ் எழுத்ததிகாரத்தின் புணர்ச்சி இயல்களே கண்முன் நிற்கும். தேவிகுளம் 'தேவிகுளத்தில்' ஆகும்போது மகரம் கெட்டு அத்துச் சாரியை வருகிறது. பாலக்காடும் பீர்மேடும் டகரம் இரட்டித்துப் 'பாலக்காட்டில்', 'பீர்மேட்டில்' என்றாகின்றன. மூணாறும் வண்டிப்பெரியாறும் றகரம் இரட்டித்து 'மூணாற்றில்', 'வண்டிப்பெரியாற்றில்' என்றாகின்றன. வட்டவடையும் குமுளியும் யகர உடம்படுமெய் பெறுகின்றன. மறையூரும் காந்தளூரும் மட்டுமே பெரிய மாற்றமின்றி உருபேற்கின்றன. சொல்லை அப்படியே வைத்துத் தேடும் பொறிக்கு 'மூணாறு' என்று தந்தால் 'மூணாற்றில்' கிடைக்காது. போதாததற்கு மலையாள, ஆங்கில ஒலிப்பின் வழி வந்த 'மூணார்' என்ற எழுத்துக்கூட்டும் ஆவணங்களில் உண்டு.

இதற்கு இரு வகைத் தீர்வுகள் உள்ளன. ஒன்று, பின்னொட்டுகளைக் களைந்து அடிச்சொல்லைக் காண்பது. ஆங்கிலத்துக்கு மார்ட்டின் போர்ட்டர் 1980-இல் வெளியிட்ட விதிமுறை இதன் முன்னோடி. அவரே பின்னர் உருவாக்கிய ஸ்னோபால் என்ற சிறுமொழியில் பல மொழிகளுக்கான அடிச்சொல் காணிகள் எழுதப்பட்டன. தமிழுக்கானதை எழுதியவர் தாமோதரன் ராஜலிங்கம். 2019-இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 12-ஆம் பதிப்பில் அரபு, இந்தோனேசியம், ஐரிஷ், லிதுவேனியம், நேபாளி ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றது. முழு உரைத் தேடல் அத்தரவுத்தளத்தின் கருவுக்குள் வந்தது 2008-இல் வெளியான 8.3-ஆம் பதிப்பில் என்பதை நினைத்தால், தமிழ் ஏறக்குறைய 11 ஆண்டுகள் காத்திருந்தது.

மற்றொன்று, இலக்கணம் எதையும் அறியாமலே சொற்களின் உருவ ஒப்புமையை அளப்பது. பிஜி_டிஆர்ஜிஎம் செய்வது இதைத்தான். சொல்லின் முன்னால் இரண்டு வெற்றிடங்களையும் பின்னால் ஒரு வெற்றிடத்தையும் சேர்த்து, மும்மூன்று வரியுருக்களாக அதைத் துண்டாடுகிறது. இரு சொற்களுக்கும் பொதுவான துண்டுகளின் எண்ணிக்கையை, இரண்டிலும் உள்ள வெவ்வேறு துண்டுகளின் மொத்தத்தால் வகுத்தால் ஒப்புமை அளவு வரும். அளவு 0.3-ஐ எட்டினால் ஒத்தவை என்பது இயல்பான வரம்பு. இங்கே 'வரியுரு' என்பது இலக்கணம் கூறும் எழுத்தன்று என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். 'கா' நமக்கு ஓர் உயிர்மெய். ஒருங்குறியில் அது ககரமும் கால் குறியுமாக இரண்டு. 'மூணாறு' நமக்கு மூன்றெழுத்து, பொறிக்கு ஆறு. இந்தக் கணக்கில் மூணாறுக்கும் மூணார்க்கும் ஒப்புமை 0.44, மூணாறுக்கும் மூணாற்றிலுக்கும் 0.42. இரண்டும் வரம்பைத் தாண்டுகின்றன. சாரியையும் தெரியாது, இரட்டித்தலும் தெரியாது. ஆனாலும் மூணாறு கிடைத்துவிடுகிறது. எல்லைப்பகுதி ஆவணங்களின் ஒழுங்கற்ற எழுத்துக்கூட்டுக்கு இலக்கணப் பொறியைவிட இந்த மூவுரு நீட்சியே ஏற்றதென்று தோன்றுவது இதனால்தான்.

சிக்கல் அடுத்த படியில் உள்ளது. துண்டாடும் முன் எது சொல், எங்கே அது முடிகிறது என்று பொறி தீர்மானிக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் அல்லாத எதுவும் சொல்லின் எல்லை என்பது நீட்சியின் விதி. எது எழுத்து என்பதை நீட்சி தானே முடிவு செய்வதில்லை. இயக்குதளத்தின் சி நிரலகத்தைக் கேட்கிறது. லினக்ஸில் பரவலாக உள்ள குனு சி நிரலகத்தின் அண்மைப் பதிப்புகள் ஒருங்குறியின் 'அகரவரிசைத் தன்மை' என்ற பண்பைப் பின்பற்றுகின்றன. அப்பண்பின்படி கால், கொம்பு, சுழி முதலிய உயிர்க்குறிகள் எழுத்துத் தன்மை உடையவை. புள்ளிக்கு அத்தன்மை இல்லை. ஒருங்குறி அட்டவணையில் அதன் பெயரே தமிழ் விராமம். வடமொழி எழுத்து மரபில் அகரத்தை அடக்கும் குறிக்குரிய பெயரும் குணமும் அதற்கு இடப்பட்டுவிட்டன.

விளைவாக மூவுரு நீட்சிக்குப் புள்ளி ஒரு காற்புள்ளியைப் போன்றது. சொல் அவ்விடத்தில் அறுபடுகிறது. பாலக்காடு 'பாலக', 'காடு' என இரு சொல்லாகிறது. கொழிஞ்சாம்பாறை 'கொழிஞ', 'சாம', 'பாறை' என மூன்றாகிறது. சித்தூர் 'சித', 'தூர'. மறையூர் முழுதாக நின்றாலும் கடைசிப் புள்ளியை இழந்து 'மறையூர' ஆகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தமிழில் தொகைச்சொற்களின் நடுவே வல்லொற்று மிகும். மிகும் ஒற்றின் மேல்தான் புள்ளி அமர்கிறது. ஆகவே பொறி தவறாக வெட்டினாலும் பல இடங்களில் பகுதிகள் சேருமிடத்திலேயே வெட்டுகிறது. பாலக்காட்டிலிருந்து காட்டையும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாறையையும் பிரித்துத் தரும்போது, இப்பொறிக்கு யாரோ புணரியல் கற்பித்திருக்கிறார்கள் என்று மயங்கத் தோன்றும். சித்தூரைக் கண்டதும் மயக்கம் தெளியும். 'தூர' என்று தேடினால் சித்தூர் 0.5 ஒப்புமையோடு வந்து நிற்கும்.

எல்லையின் மலையாளப் பக்கத்தில் நடப்பது இதன் தலைகீழ். பாலக்காடு என்ற பெயரை மலையாளத்தில் எழுதும்போது இறுதியில் உகரக் குறி வராது. டகரத்தின் மேல் சந்திரக்கலை வரும். அச்சந்திரக்கலை குறுகிய உகர ஒலியைக் காட்டும் குறி. தமிழிலக்கணம் குற்றியலுகரம் என்பது இதையே. குற்றியலுகரமும் மெய்யைப் போலப் புள்ளி பெறும் என்று பொருள்படும் நூற்பா தொல்காப்பியத்தில் உண்டு. தமிழ் எழுத்து வழக்கில் தங்காத அம்முறையை ஒத்த ஒன்று மலையாளத்தில் வழங்குகிறது. பொறிக்கு இவை எதுவும் தெரியாது. சந்திரக்கலையும் விராம இனத்தைச் சேர்ந்ததால் அதைத் தள்ளிவிடுகிறது. தமிழில் பாலக்காட்டின் ஈறு பிழைக்கிறது; மலையாளத்தில் அது போய்விடுகிறது.

மறையூரில் நிலைமை மாறுகிறது. மலையாளத்தில் சொல்லிறுதி ரகர மெய் சில்லெழுத்தாக எழுதப்படும். நெடிய விவாதத்துக்குப் பின் 2008-இல் வெளியான ஒருங்குறி 5.1-ஆம் பதிப்பில் சில்லுகளுக்குத் தனிக் குறியெண்கள் கிடைத்தன. அவை முழு எழுத்துகளாகவே வகைப்படுத்தப்பட்டன. எனவே மலையாள மறையூரின் ஈறு பிழைக்கிறது. தமிழ் மறையூர் புள்ளியை இழக்கிறது. மலையாள மூணாறும் சில்லில் முடிவதால் அதன் ஈறும் தங்கும். சில்லுக்குத் தனி எண் வேண்டுமா என்று அக்காலத்தில் கேரளக் கணினி ஆர்வலர்களிடையே நடந்த வாதங்கள் வெளியாருக்கு மிகைப்பட்டவையாகத் தோன்றியிருக்கலாம். அந்த முடிவின் பயன் மறையூர் என்ற ஒரே ஊரின் பெயரிலேயே தெரிகிறது. தமிழ்ப் பக்கத்திலும் இத்தகைய வாதம் இல்லாமலில்லை. மெய்யெழுத்துக்கும் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனித்தனி எண் தரும் டேஸ்16 குறியேற்றத்தைத் தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றது. இணையமும் கைப்பேசியும் ஒருங்குறியின் பக்கம் போய்விட்டதால் அது பரவலாகவில்லை.

இனி மூலநிரலுக்கு வருவோம். போஸ்ட்கிரெஸ் 1986-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் தலைமையில் தொடங்கிய ஆய்வுத் திட்டம். புதிய தரவு வகைகளையும் புதிய செயல்களையும் வெளியிலிருந்து சேர்க்க இடம் தருவது அதன் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. நீட்சி என்ற கருத்து இறுதியில் ஒட்டவைத்ததன்று, அடித்தளத்திலேயே இருந்தது. 1996 முதல் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற பெயரில் தன்னார்வலர் குழுவால் வளர்க்கப்படுகிறது. ஒரே கட்டளையில் நீட்சியை நிறுவும் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' வசதி 2011-இல் 9.1-ஆம் பதிப்பில் வந்தது. முழு உரைத் தேடலையும் மூவுரு நீட்சியையும் எழுதியவர்கள் மாஸ்கோவைச் சேர்ந்த ஓலெக் பார்துனோவ், தியோதர் சிகாயெவ் ஆகிய இருவர். பார்துனோவ் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் ஸ்டெர்ன்பர்க் வானியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். ருஷ்ய மொழியும் உருபுகள் நிறைந்தது. ஆங்கிலத்துக்கெனச் செய்த தேடல் அதற்குப் போதாது என்பதை அவர்கள் தம் மொழியிலேயே கண்டிருப்பார்கள்.

வியப்பு இதுதான்: இவ்விருவரின் முழு உரைத் தேடல் நிரலில் இந்திய மொழிச் சிக்கல் தீர்க்கப்பட்டிருக்கிறது, அதே இருவரின் மூவுரு நீட்சியில் தீர்க்கப்படவில்லை. உரையைச் சொற்களாகப் பகுக்கும் கோப்பில் ஒரு பட்டியல் உள்ளது. தேவநாகரி தொடங்கித் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், சிங்களம் எனப் பல எழுத்து முறைகளின் உயிர்க்குறிகள் அதில் குறியெண் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. இவை எழுத்தாக எண்ணப்படாவிட்டாலும் சொல்லை அறுக்கக் கூடாது என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. பட்டியலுக்கு நிரலாளர் இட்ட பெயரைத் தமிழில் சொன்னால் 'விசித்திர எழுத்து' என்றாகும். தமிழின் காலும் ஒற்றைக்கொம்பும் அங்கே விசித்திர எழுத்துகள். பட்டியலில் புள்ளியைத் தேடினால் கிடைக்காது. ஆனாலும் முழு உரைத் தேடலில் புள்ளி சொல்லை அறுப்பதில்லை. திரையில் தனக்கென அகலம் எதுவும் இல்லாத வரியுரு சொல்லை அறுக்காது என்று இன்னொரு விதி அங்கே இருக்கிறது. எழுத்தின் தலைமேல் ஏறி அமர்வதால் புள்ளிக்கு அகலம் பூச்சியம். அந்த விதியால் அது தப்பிவிடுகிறது. மூவுரு நீட்சியில் இவ்விரு விலக்குகளும் இல்லை.

புள்ளியை விட்டுவிடுவது தமிழுக்குப் புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். கல்வெட்டுகளில் புள்ளி அருகியே காணப்படுகிறது. ஓலையில் எழுதியவர்கள் பொதுவாகப் புள்ளியிடுவதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஏடு பொத்துப்போகும் என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். ஏகார எகர வேறுபாடும் ஏட்டில் தெளிவாக இராது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏடுகளை அச்சேற்றிய பதிப்பாசிரியர்கள் மெய்யா உயிர்மெய்யா என்று ஒவ்வோர் இடத்திலும் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு யாப்பு கைகொடுத்தது, பொருள் கைகொடுத்தது, மனப்பாடமாக இருந்த பாடல்கள் கைகொடுத்தன. 'பல' என்று ஏட்டில் இருந்தாலும் அது பல்லா பலவா என்று படிப்பவர் அறிவார். மூவுரு நீட்சி புள்ளியைத் தள்ளும்போது திரும்பச் சேர்க்க அங்கே படிப்பவர் இல்லை.

தீர்வு சொந்தக் கணினியில் சாத்தியம். அதற்கு ஆயத்தப் பொதியை விட்டு மூலநிரலிலிருந்து நீட்சியைத் தொகுக்க வேண்டும். நீட்சியின் தலைப்புக் கோப்பில் 'கீப்ஒன்லிஆல்நம்' என்றொரு வரையறை வரி இருக்கிறது. எழுத்தையும் எண்ணையும் மட்டும் வைத்துக்கொள் என்பது பொருள். அவ்வரி செயலில் இருந்தால் எழுத்தல்லாத எதுவும் சொல்லெல்லை. அதைச் செயலிழக்கச் செய்தால் இடைவெளி மட்டுமே சொல்லெல்லை. ஜப்பானியப் பயனர்கள் இந்த வரியை நீக்கித் தொகுக்கும் வழக்கத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கைக்கொண்டனர். அதுவும் போதாமல் என்டிடி டேட்டா நிறுவனம் ஈருருத் துண்டுகளைக் கொண்டு இயங்கும் பிஜி_பிக்எம் என்ற தனி நீட்சியை 2013-இல் வெளியிட்டது. தம் மொழிக்குப் பொருந்தாத கருவியைத் திறந்து பார்ப்பது அங்கே ஒரு நிறுவனத்தின் வேலையாக இருந்தது. தமிழுக்கு அது இன்னும் தனியாள் வேலை.

வேலை பெரிதன்று. இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் பதிப்பெண் எதுவோ அதே பதிப்பின் மூலநிரலை இறக்க வேண்டும். உபுண்டு போன்ற வழங்கலில் வழங்கியின் நிரலாக்கத் தலைப்புக் கோப்புகள் தனிப் பொதியாக வரும். அதையும் சி தொகுப்பியையும் நிறுவ வேண்டும். பிறகு நீட்சியின் அடைவுக்குள் சென்று அந்த ஒரு வரியை மாற்றி, பிஜிஎக்ஸ்எஸ் என்னும் கட்டுமான முறையைப் பயன்படுத்துமாறு கூறி 'மேக்', அடுத்து நிர்வாகி உரிமையோடு 'மேக் இன்ஸ்டால்'. இறுதியில் தரவுத்தளத்தினுள் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்'. ஏற்கெனவே கட்டிய சுட்டுவரிசைகள் இருந்தால் அவற்றை மீண்டும் கட்ட வேண்டும். கேரளப் பள்ளிகளில் 2000-களிலிருந்தே தகவல் தொழில்நுட்பக் கல்வி கட்டற்ற மென்பொருளில் நடப்பதால், மூணாற்றிலோ கொழிஞ்சாம்பாறையிலோ படித்து வந்த மாணவருக்கு லினக்ஸ் அந்நியமாக இராது. கட்டளைத்திரை வேறு செய்தி.

மாற்றித் தொகுத்தபின் கணக்குகள் மாறுகின்றன. பல், பல ஒப்புமை 1-லிருந்து 0.4-ஆகக் குறைகிறது. 'தூர' தேடலில் சித்தூர் 0.08-க்கு இறங்கி மறைந்துவிடுகிறது. 'காடு' தேடலில் பாலக்காடு 0.5-லிருந்து 0.25-க்கு வந்து, வரம்புக்குக் கீழே போகிறது. இது நன்மையா தீமையா என்பது ஆய்வின் கேள்வியைப் பொறுத்தது. ஊர்ப்பெயர்களின் பகுதிகளை ஆராய்பவருக்குப் பழைய பிழையே பயன்பட்டிருக்கும். உருபேற்ற வடிவங்களில் பெரிய வேறுபாடில்லை. பாலக்காடு, பாலக்காட்டில் ஆகியவற்றின் ஒப்புமை 0.53-லிருந்து 0.5-ஆகிறது. எனவே ஊரைத் தேடுவதே நோக்கமென்றால் இந்த மாற்றம் அவசியமே இல்லை என்று ஒருவர் வாதிடலாம். அது நேர்மையான வாதம். சொற்களின் எண்ணிக்கையை, குறிப்பாக 'என்', 'என' போன்ற இலக்கணச் சொற்களின் வழக்கை ஒப்புமைத் தேடலால் அளந்து அட்டவணை போடுபவருக்கு அவ்வாதம் உதவாது. அவருடைய அட்டவணையில் இரு சொற்கள் ஒரே நிரையில் கலந்திருக்கும். பார்ப்பவருக்கு அது தெரியவும் தெரியாது.

மாற்றத்துக்கும் விலை உண்டு. சுருங்குறித் தேடலைக் கையாளும் பகுதி, சொல்லின் முன்னும் பின்னும் வெற்றிடம் சேர்க்கும் வரையறைகள் உள்ளபடியே இருக்கும் என்று கருதி எழுதப்பட்டது; தலைப்புக் கோப்பிலேயே அந்த எச்சரிக்கை இருக்கிறது. வரியை மாற்றியவர் சுருங்குறித் தேடலை அந்தச் சுட்டுவரிசையின் மேல் சோதிக்காமல் நம்பக் கூடாது. இடைவெளி மட்டுமே எல்லையாவதால் காற்புள்ளியும் மேற்கோள் குறியும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். உரையை முன்கூட்டியே துடைத்து ஏற்ற வேண்டும். கொகரம் ஒரே குறியெண்ணாகவும் ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கப்படக்கூடும் என்பதால் கொழிஞ்சாம்பாறை இரு வடிவில் உள்ளே இருக்கலாம். 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பிலிருந்து இதை ஒருசீராக்கும் செயல் தரவுத்தளத்திலேயே உள்ளது. ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டியவர்களை மட்டும் எந்தச் செயலும் திருத்தாது.

இவற்றுக்கெல்லாம் முன்பாகப் பார்க்க வேண்டிய ஒன்றைப் பலர் பார்ப்பதில்லை. தரவுத்தளத்தை உருவாக்கும்போது மொழிச்சூழல் 'சி' என்று அமைந்துவிட்டால், ஆஸ்கிக்கு வெளியே உள்ள எதுவும் எழுத்தாகாது. அங்கே புள்ளி மட்டுமன்று, தமிழ் முழுவதுமே இல்லை. 'தமிழ்' என்ற சொல்லின் மூவுருத் துண்டுகளைக் காட்டச் சொன்னால் வெற்றுப் பட்டியல் வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. 'லைக்' வகை வினவல் மூல உரையோடு இறுதியில் ஒத்துப்பார்ப்பதால் சரியான விடையையே தாமதமாகத் தரும்; ஒப்புமைத் தேடல் ஒன்றுமே தராது. ஒரே நீட்சி, ஒரே நிரல், ஒரே தரவு. கணினி மாறினால் தமிழின் எழுத்துகள் மாறுகின்றன. ஆய்வேட்டின் முறையியல் பகுதியில் மென்பொருளின் பெயரையும் பதிப்பெண்ணையும் எழுதினால் போதுமென்று கருதும் வழக்கம் இங்கே உடைந்துபோகிறது. மொழிச்சூழலையும், நீட்சி மாற்றித் தொகுக்கப்பட்டதா என்பதையும் எழுதாவிட்டால் அந்த எண்களை இன்னொருவர் மீண்டும் பெற முடியாது.

மாற்றித் தொகுத்தவருக்கும் நிம்மதி நீடிப்பதில்லை. உபுண்டுவில் தரவுத்தளத்தின் சிறு பதிப்பு மேம்பாடுகள் பாதுகாப்புப் புதுப்பிப்புகளோடு வந்துசேரும். அப்போது ஆயத்தப் பொதியிலுள்ள நீட்சிக் கோப்பு, கைப்படத் தொகுத்த கோப்பின் மேல் எழுதப்பட்டுவிடும். சுட்டுவரிசையோ பழையது, அதில் பாலக்காடு புள்ளியோடு துண்டாடப்பட்டு உறங்குகிறது. புதிய கோப்பு வினவலைப் புள்ளியின்றித் துண்டாடுகிறது. தேடும் துண்டுகள் வரிசையில் இல்லாததால் 'லைக்' வினவல்கூட உள்ள பதிவுகளை விட்டுவிடும். பிழைச் செய்தி இப்போதும் வராது. இதைத் தவிர்க்க, நீட்சியின் அடைவை வேறொரு பெயரில் படியெடுத்து, கட்டுப்பாட்டுக் கோப்பிலும் கட்டளைக் கோப்பிலும் கட்டுமானக் கோப்பிலும் அப்பெயரையே இட்டு, தனி நீட்சியாகத் தொகுத்து நிறுவுவதே வழி. அதன்பின் புதுப்பிப்பு வந்தாலும் மூல நீட்சி தன் கோப்பை மட்டுமே மாற்றும். மறையூரின் புள்ளி இருந்த இடத்திலேயே இருக்கும்.